வாடகை ரூ.6,500 தான்... ஆனா அந்த வீடு உங்களுக்கு மாசம் எவ்வளவு செலவு வைக்குது தெரியுமா?



மதுரையில வேலை கிடைச்சு வீடு தேடுற எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். கே.புதூர், அண்ணா நகர், எஸ்.எஸ்.காலனி பக்கம் நாலு வீடு பார்ப்போம். வாடகையைக் கேட்டதும் தலை சுத்தும். அப்போ புரோக்கர் அண்ணன் மெதுவா ஆரம்பிப்பார்: "தம்பி, கொஞ்சம் அங்கிட்டு தள்ளிப் போனா இதே வாடகையில பாதிக்கு, புது வீடு, கார் பார்க்கிங்கோட இருக்கு. மாட்டுத்தாவணிக்கு பத்தே நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷம் எந்த வண்டியில, எத்தனை மணிக்குன்னு நாம கேக்குறதில்லை. நானும் கேக்கல.

என் கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ரிங் ரோடு தாண்டி ஒரு புது பிளாட் ஏரியாவுல வீடு எடுத்தேன். வாடகை ரொம்பக் கம்மி. நாலு மாசம் சந்தோஷமா இருந்துச்சு. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் மெயின் ரோட்டுல இருந்து வீட்டுக்குப் போற ஒன்றரை கிலோமீட்டர் மண் ரோடு சேறாயிடுச்சு. ரெண்டு தடவை பைக்கோட விழுந்தேன். அம்மா என்கூட இருந்தாங்க. கோயிலுக்கோ கடைக்கோ போகணும்னா நான் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். தை மாசம் கார் புக் பண்ணிட்டேன். கார் மேல எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. அந்த வீடுதான் என்னைக் கார் வாங்க வச்சது.

கையில இருந்த சேமிப்பு மொத்தமும் டவுன் பேமென்டுக்குப் போச்சு. அதுக்கு அடுத்த வருஷம் அப்பாவுக்கு ஆபரேஷன். எமர்ஜென்சி ஃபண்டுன்னு ஒரு பைசா இல்லை. அம்மா கழுத்துல கிடந்த செயினைக் கழட்டி அடகு வச்சோம். வாடகையில மிச்சம் பிடிக்கிறேன்னு நினைச்சு நான் எடுத்த முடிவு எங்கே வந்து முடிஞ்சது பாருங்க.

அதனால இன்னைக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப் போறோம். வீட்டோட விலை வாடகை மட்டும் இல்லை. வாடகையோட, அந்த வீட்டுல இருந்து வெளிய போய் வர்ற செலவையும் சேர்த்தாத்தான் உண்மையான விலை.

மதுரையில இது ஏன் முக்கியம்?

2011-ல மதுரை மாநகராட்சி 72 வார்டுல இருந்து 100 வார்டா பெருசாச்சு. அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம், திருநகர், விளாங்குடி எல்லாம் அப்போதான் மாநகராட்சிக்குள்ள வந்துச்சு. ஊர் அதோட நிக்கல. நத்தம் ரோட்டுல ஊமச்சிகுளம் தாண்டி, மேலூர் ரோட்டுல ஒத்தக்கடை தாண்டி, தேனி ரோட்டுல நாகமலை புதுக்கோட்டை தாண்டி, வயக்காடு இருந்த இடமெல்லாம் பிளாட் ஆயிட்டே இருக்கு.

வேலையும் ஒரே இடத்துல இல்லை. எல்காட் ஐ.டி. பூங்கா ஒன்னு மேலூர் ரோடு பக்கம் இலந்தைகுளத்துல. இன்னொன்னு நேர் எதிர்த் திசையில, தேனி ரோட்டுல வடபழஞ்சியில. ஹைகோர்ட் கிளை 2004-ல இருந்து ஒத்தக்கடை பக்கம். ஒருத்தர் ஒரு மூலையில குடியிருந்து இன்னொரு மூலையில வேலை பார்த்தா, தினமும் ஊரையே குறுக்க கடக்கணும்.

மெயின் ரோட்டுல டவுன் பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் ஓடும். ஆனா புது பிளாட் ஏரியாக்கள் மெயின் ரோட்டுல இல்லையே! உள்ள ஒன்னு, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அங்க சொந்த வண்டி இல்லாம ஒரு பாக்கெட் பால் கூட வாங்க முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம்

உங்க ஆபீஸ் இலந்தைகுளத்துல இருக்குன்னு வச்சுக்குவோம். கைக்கு வர்ற சம்பளம் 40,000 ரூபாய். ரெண்டு வீடு பார்த்திருக்கீங்க. (கீழ இருக்கிற வாடகையும் தூரமும் கணக்கு புரியறதுக்காக நான் வச்சது. உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க.)

- வீடு 1: கே.புதூர் பக்கம். வாடகை ரூ.10,500. ஆபீஸ் 5 கி.மீ.
- வீடு 2: ஊமச்சிகுளம் தாண்டி, உள்ள தள்ளி. வாடகை ரூ.6,500. ஆபீஸ் 16 கி.மீ.

வாடகையில வித்தியாசம் ரூ.4,000. வருஷத்துக்கு ரூ.48,000. பார்த்த உடனே வீடு 2-க்குத்தான் மனசு போகும்.

இப்போ வண்டிச் செலவு. மாசம் 22 நாள் வேலை. ஆபீஸ் போக, வர வீடு 1-க்கு 220 கி.மீ., வீடு 2-க்கு 704 கி.மீ. கடை, ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன், நண்பன் கல்யாணம்னு சேர்த்தா, வீடு 1-க்கு மொத்தம் 300 கி.மீ., வீடு 2-க்கு 1,000 கி.மீ.ன்னு வைங்க.

ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கி.மீ. தருது, பெட்ரோல் ரூ.102-ன்னா, ஒரு கிலோமீட்டருக்கு பெட்ரோல் மட்டும் ரூ.2.27. நிறைய பேர் இதோட நிறுத்திடுறாங்க. ஆயில், பிரேக், டயர், சர்வீஸ்னு கி.மீ.க்கு ஒரு ரூபாய். வண்டி ஓட ஓட அதோட மறுவிற்பனை விலை குறையுது, அதுக்கு ஒரு ரூபாய். ஆக, கி.மீ.க்கு ரூ.4.27.

- வீடு 1: 10,500 + 1,280 = ரூ.11,780
- வீடு 2: 6,500 + 4,270 = ரூ.10,770

4,000 ரூபாய் வித்தியாசம் 1,010 ரூபாயா சுருங்கிப் போச்சு! இருந்தாலும் வீடு 2 தான் இன்னமும் லாபம். அதை மறைக்க வேண்டியதில்லை. தனி ஆளு, ஒரே பைக், பகல் ஷிப்ட்னா தாராளமா தள்ளிப் போகலாம்.

ஆனா நேரம்? ஒரு பக்கத்துக்கு 25 நிமிஷம் கூடுதல்னா, மாசத்துக்கு சுமார் 18 மணி நேரம். 1,010 ரூபாயை 18-ஆல வகுத்தா மணிக்கு ரூ.56. அதாவது, வெயில்லயும் புழுதியிலயும் வண்டி ஓட்டுறதுக்கு உங்களுக்கு நீங்களே மணிக்கு 56 ரூபாய் சம்பளம் கொடுத்துக்கிறீங்க. அது உங்களுக்கு ஓகேவான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

ஷார்ட்கட் ஒன்னு: ஆபீஸ்ல இருந்து வீடு ஒவ்வொரு கிலோமீட்டர் தள்ளிப் போகும்போதும் மாசம் 44 கி.மீ. கூடுது. பைக்குக்கு அது சுமார் ரூ.188. வீடு பார்க்கும்போது இந்த ஒரு நம்பரை ஞாபகம் வச்சுக்கங்க. 5 கி.மீ. தள்ளின வீட்டுல வாடகை 600 ரூபாய்தான் குறையுதுன்னா, அது உண்மையில நஷ்டம்.

இரண்டாவது வண்டி வந்தா என்ன ஆகும்?

இங்கதான் கணக்கு தலைகீழா மாறுது. கல்யாணம் ஆயிடுச்சு, இல்லைன்னா அம்மா, அப்பா உங்ககூட இருக்காங்க. நீங்க பைக்கை எடுத்துட்டு ஆபீஸ் போயிட்டீங்க. வீட்டுல இருக்கிறவங்க எப்படி வெளிய போவாங்க?

வீடு 1-ல இருந்தா நடந்து போய் பஸ் ஏறலாம். அதுலயும் 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பஸ் ஸ்டாப் பக்கத்துல வீடு இருந்தா, வேலைக்குப் போற பெண்களுக்கு அது நேரா கைக்கு வர்ற சேமிப்பு. ஷேர் ஆட்டோவுக்கும் சேர்த்து மாசம் ரூ.1,000 வச்சாக்கூட வீடு 1-க்கு மொத்தம் ரூ.12,780.

வீடு 2-ல இன்னொரு ஸ்கூட்டர் வேணும். 80,000 ரூபாய் லோன், 11% வட்டி, 3 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் ரூ.2,620. மாசம் 400 கி.மீ. ஓடுனா பெட்ரோலும் சர்வீஸும் ரூ.1,310. வீடு 2-க்கு மொத்தம் ரூ.14,700. இப்போ "சீப்பான" வீடுதான் மாசம் 1,920 ரூபாய் காஸ்ட்லி.

கார் வந்தா?

நான் மாட்டுன இடம் இதுதான். ஆன்-ரோடு 7 லட்சம் ரூபாய் கார். 1.4 லட்சம் டவுன் பேமென்ட், 5.6 லட்சம் லோன், 9.5% வட்டி, 5 வருஷம்.

- இ.எம்.ஐ.: ரூ.11,760
- இன்சூரன்ஸ் (வருஷம் 25,000-ன்னு வச்சா): ரூ.2,080
- பெட்ரோல் (1,000 கி.மீ., லிட்டருக்கு 16 கி.மீ.): ரூ.6,375
- சர்வீஸ், டயர்: ரூ.1,000

மொத்தம் ரூ.21,215. வாடகையைச் சேர்த்தா ரூ.27,715. 40,000 சம்பளத்துல கிட்டத்தட்ட 69 சதவீதம் வீட்டுக்கும் காருக்குமே போச்சு. அஞ்சு வருஷத்துல வட்டி மட்டும் 1.45 லட்சத்துக்கு மேல கட்டியிருப்பீங்க.

கார் வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லல. குடும்பத்துக்குத் தேவை, சம்பளம் தாங்கும்னா வாங்குங்க. ஆனா காரை நீங்க முடிவு பண்ணி வாங்கணும். வீடு உங்களை வாங்க வைக்கக் கூடாது. ஊருக்குள்ள வீடு இருந்தா, மழை நாளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாசம் பத்து தடவை 150 ரூபாய் கொடுத்து ஆட்டோவுல போனாக்கூட 1,500 ரூபாய்தான்.

"பாலம் வந்துருச்சு, மெட்ரோ வரப்போகுது"

வீடு காட்டுறவங்க கண்டிப்பா சொல்ற ரெண்டு வசனம் இது.

நத்தம் ரோட்டுல தல்லாகுளத்துல இருந்து செட்டிகுளம் வரைக்கும் சுமார் 7.3 கி.மீ. பறக்கும் பாலம் 2023 ஏப்ரல்ல திறந்தாங்க. அந்தப் பக்கம் போறவங்களுக்கு நேரம் நல்லாவே மிச்சம். ஆனா கவனிங்க: பாலம் நேரத்தைத்தான் குறைக்கும், தூரத்தைக் குறைக்காது. பெட்ரோலும் டயரும் தூரத்துக்குத்தான் செலவாகும்.

மெட்ரோ? திருமங்கலம் – ஒத்தக்கடை வழித்தடத்துக்குத் திட்ட அறிக்கை தயாராச்சு. 2025 நவம்பர்ல மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பிடுச்சு. நாளைக்கு வந்தா சந்தோஷம். ஆனா நீங்க எடுக்கிறது 11 மாச அக்ரிமென்ட். வராத மெட்ரோவுக்கு இன்னைக்கே ஏன் வாடகை கொடுக்கணும்?

ஒத்திக்கு எடுக்கலாமா?

நம்ம மதுரையில "ஒத்தி" ரொம்ப சகஜம். மொத்தமா சில லட்சம் கொடுத்துட்டா மாச வாடகை இல்லை. காலம் முடிஞ்சதும் முழுப் பணமும் திரும்ப வரும். "ஃப்ரீயா குடியிருக்கலாம்"னு சொல்லுவாங்க. ஃப்ரீ இல்லைங்க. 5 லட்சத்தை 6.5% வட்டிக்கு எஃப்.டி.யில போட்டா வருஷம் 32,500, மாசம் சுமார் ரூ.2,700 வரும். அதுதான் உங்க மறைமுக வாடகை.

கணக்குப்படி பார்த்தா இது மலிவுதான். ஆனா ரெண்டு ஆபத்து இருக்கு. ஒன்னு, ஓனரால பணத்தைத் திருப்பித் தர முடியுமா? வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அந்த வீட்டு மேல ஏற்கனவே பேங்க் கடன் இருக்கான்னு பாருங்க. ஒத்தியை வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்தோட முடிச்சிடாதீங்க. சார்பதிவாளர் அலுவலகத்துல பதிவு பண்ணுங்க. இன்னொன்னு, இளம் வயசுல வேலை மாறும். இலந்தைகுளம் ஆபீஸை விட்டு வடபழஞ்சிக்கு மாறுனா, மூணு வருஷ ஒத்தி உங்களை ஒரே மூலையில கட்டிப் போட்டுடும்.

டாக்ஸ் பக்கம் ஒரு நிமிஷம்

பழைய வரி முறையில இருந்தா, கொடுக்கிற வாடகைக்கு எச்.ஆர்.ஏ. விலக்கு கிடைக்கும். மதுரைக்கு அடிப்படைச் சம்பளத்துல 40% வரைதான் உச்ச வரம்பு, சென்னைக்கு 50%. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா ஓனரோட பான் நம்பர் வேணும். பெட்ரோலுக்கு அந்த மாதிரி விலக்கு கிடையாது. அதனால பழைய முறையில இருக்கிறவங்களுக்கு, வாடகை கூடுன பக்கத்து வீடு இன்னும் கொஞ்சம் சாதகம்.

புதிய முறையில எச்.ஆர்.ஏ. விலக்கே இல்லை. ஆனா 2025-26 நிதியாண்டுல இருந்து 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு அதுல வரியும் இல்லை. நம்மள்ல பெரும்பாலானவங்க இதுக்குள்ளதான் வருவோம். அதனால டாக்ஸை வச்சு வீட்டை முடிவு பண்ணாதீங்க.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி

1. மூணு தடவை போங்க. காலையில 8:30-க்கு உங்க ஆபீசுக்கு ஓட்டிப் பாருங்க. ராத்திரி 9:30-க்கு அந்தத் தெருவுல லைட் இருக்கான்னு பாருங்க. மழைக்கு மறுநாள் ஒரு தடவை போங்க. சுத்தி கண்மாய் எங்க இருக்கு, தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு டீக்கடையில விசாரிங்க. 2024 அக்டோபர் மழையில செல்லூர், பி.பி.குளம் பக்கம் ஊருக்குள்ளேயே வீட்டுக்குள்ள தண்ணி புகுந்துச்சு.

2. "பஸ் இருக்கு"ன்னா நம்பாதீங்க. எத்தனை நிமிஷத்துக்கு ஒன்னு, கடைசி பஸ் எப்போன்னு ஸ்டாப்புல நிக்கிறவங்ககிட்ட கேளுங்க. வீட்டுல இருந்து ஸ்டாப்புக்கு நீங்களே நடந்து பாருங்க.

3. தண்ணி. போர் தண்ணியை வாயில வச்சுப் பாருங்க, உப்பா இருந்தா தெரிஞ்சிடும். குடிக்க கேன், கோடையில லாரின்னா, அதையும் மாசக் கணக்குல சேருங்க.

4. கரண்ட் மீட்டர். தனி மீட்டரான்னு கேளுங்க. வீட்டு இணைப்புக்கு குறிப்பிட்ட யூனிட் வரைக்கும் இலவசம். ஓனர் "யூனிட்டுக்கு இவ்வளவு"ன்னு தனியா வசூலிச்சா, அந்த இலவசம் உங்களுக்கு வராது.

5. அக்ரிமென்ட். தமிழ்நாட்டுல 2017-ம் வருஷ வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில இருந்து அமல்ல இருக்கு. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு பண்ணணும். ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கிட்டா ஒழிய, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாது. காலி பண்ணினதும் பாக்கி இருந்தா கழிச்சுக்கிட்டு ஒரு மாசத்துக்குள்ள திருப்பித் தரணும். "வேற மாதிரி ஒத்துக்கிட்டா"ங்கிறதைக் கவனிங்க. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி முழுசாப் படிங்க.

6. வீட்டுல இருக்கிறவங்களைக் கேளுங்க. நீங்க ஆபீஸ்ல இருக்கிற பத்து மணி நேரம் அந்த வீட்டுல இருக்கப் போறது அவங்கதான். "நான் இல்லாதப்போ இங்க இருந்து எப்படிப் போவீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.

கடைசியா...

நான் அந்தக் காரை ரெண்டு வருஷத்துல வித்துட்டேன். வித்த பணம் லோன் பாக்கியை அடைக்கத்தான் சரியா இருந்துச்சு. ஊருக்குள்ள, பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒரு பழைய மாடி போர்ஷனுக்கு மாறினோம். வாடகை கூட. டைல்ஸ் எல்லாம் கிடையாது. ஆனா அடுத்த 14 மாசத்துல அம்மாவோட செயினை மீட்டுட்டேன். இப்போ அம்மா வெள்ளிக்கிழமை யாரையும் எதிர்பார்க்காம அவங்களே பஸ் ஏறி மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வர்றாங்க.

இந்த வாரம் நீங்க செய்ய வேண்டியது ஒன்னே ஒன்னு. உங்க வாடகை, போன மாச பெட்ரோல் செலவு, வண்டி இ.எம்.ஐ., சர்வீஸ், ஆட்டோ எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கூட்டுங்க. கைக்கு வர்ற சம்பளத்துல அது எத்தனை சதவீதம்னு பாருங்க. பாதியைத் தாண்டினா, அடுத்த அக்ரிமென்ட் புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி வேற வீடு பார்க்க ஆரம்பிங்க.

இதே கணக்கை நம்ம சேனல் வீடியோவுல பலகையில போட்டுக் காட்டியிருக்கேன். வீடு தேடிட்டு இருக்கிற நண்பருக்கு அனுப்பி வைங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.